பீர் வாரம்: ஏழு நாளும் நாக்கு தாங்க வேண்டுமே

நகரம் முழுக்க ஒரு வாரம் கிராஃப்ட் பீர் (சிறிய ஆலைகள் காய்ச்சும் பீர்) நிகழ்ச்சிகள் என்று அறிவிப்பு வந்தால் போதும், அட்டவணையைத் திறந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் டிக் அடிக்கிறவர்கள்தான் அதிகம். திங்களும் செவ்வாயும் ஜோராகப் போகும். புதன் இரவு தலை கனக்கும். வியாழனிலிருந்து எதைக் குடித்தாலும் ஒரே கசப்பு, ஒரே மப்பு. வெள்ளிக்கிழமை வரும் நல்ல சரக்கு வீணாகப் போய்விடும்.

இந்த வாரத்தில் கிடைக்கிற பெரிய லாபம் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி. மற்ற நாட்களில் ஒரே ப்ரூவரியின் (பீர் காய்ச்சும் ஆலையின்) பத்து பீர்கள் ஒரே பாரில் வரிசையாக டேப்பில் (ஊற்றும் குழாயில்) நிற்காது. காய்ச்சியவரே கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லவும் மாட்டார். அதைப் பயன்படுத்திக்கொள்ள நிறையக் குடிக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், குறைவாகக் குடித்தால்தான் முடியும்.

நகரம் முழுவதையும் சேர்த்துப் பீர் வாரம் கொண்டாடும் ஏற்பாடு 2008-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அங்கே ஒரு பெரிய சுத்தியலை பாருக்குப் பார் கைமாற்றி எடுத்துவந்து, முதல் பீப்பாயை அதனால் தட்டித் திறந்தார்கள். பிற்பாடு பல நகரங்கள் இதைப் பின்பற்றின. பெயர் மாறும், மாதம் மாறும். நிகழ்ச்சிகளின் வகை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ப்ரூவரி ஒரு பாரின் டேப்புகளை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும் டேப் டேக்கோவர், இரண்டு மூன்று ப்ரூவரிகள் சேர்ந்து காய்ச்சிய பீரின் வெளியீடு, பீப்பாயிலிருந்து நேரே ஊற்றும் கேஸ்க் இரவு, ப்ரூவரி சுற்றுலா, ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து பகிரும் கூட்டம், கடைசியில் டிக்கெட் போட்டு நடக்கும் பெரிய திருவிழா.

இவற்றில் என் ஓட்டு வார நாளில் மாலை ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்கும் டேப் டேக்கோவருக்கு. கூட்டம் சேருவதற்குள் போய்விட்டால் பீர் காய்ச்சும் ப்ரூவரும் பார்காரரும் பேச நேரம் வைத்திருப்பார்கள். 'மூன்று மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும்' என்று விற்கும் திருவிழாவைக் கடைசியில் வைப்பேன். கொடுத்த காசை வசூலித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் ருசி பார்ப்பது நின்று, ஊற்றிக்கொள்வதுதான் நடக்கும். 1982-ல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஒரு ஊற்றுக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 30 மில்லி மட்டுமே என்ற வழக்கம் காரணத்தோடுதான் வந்தது. எங்கே போனாலும் அந்த அளவைக் கேட்டு வாங்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி, மிஞ்சினால் இரண்டு. நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. எந்த நாள் ஓய்வு என்பதை முதலிலேயே குறித்துவிடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று விட்டால் அந்த நாள் வராது. அரிய பீர் ஒன்று இருக்கிறது, அதைக் குடித்தே தீர வேண்டும் என்றால் கெக்கின் (பீர் அடைத்து வரும் உலோகக் கலத்தின்) அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய பீர்கள் பெரும்பாலும் 20 லிட்டர் கெக்கில்தான் வரும். நுரையிலும் குழாயிலும் வீணாவதைக் கழித்தால் 120 மில்லி கண்ணாடியில் ஏறத்தாழ 150 பேருக்குத்தான் காணும். ஏழு மணிக்குத் திறக்கும் கெக்குக்கு எட்டரைக்கு வந்து நிற்பதில் பயனில்லை. அதே நேரம், வரிசையில் ஒரு மணி நேரம் நின்று வாங்கிய பீர் சுமாராக இருந்தாலும் நம் வாய் அதைச் சுமார் என்று ஒத்துக்கொள்ளாது. அரிய சரக்கின் மதிப்பில் பாதி அந்த வரிசை கொடுப்பதுதான்.

கணக்கு

பீரின் அளவை மில்லியிலும் ஆல்கஹாலை ஏபிவி (பீரின் மொத்த அளவில் ஆல்கஹாலின் பங்கு) சதவீதத்திலும் எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் அதிலுள்ள ஆல்கஹால் கிராமில் வந்துவிடும். 5 சதவீத லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் வகை) 330 மில்லியில் 13 கிராம். 11 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் (கருத்த, வீரியம் கூடிய பீர்) வெறும் 120 மில்லியில் 10 கிராமுக்கு மேல். குட்டிக் கண்ணாடி என்று நினைத்துக் குடிப்பது கிட்டத்தட்ட ஒரு சின்ன பாட்டிலுக்குச் சமம்.

நான்கு கண்ணாடி ஃப்ளைட் (பல பீர்களைச் சின்னக் கண்ணாடிகளில் ருசி பார்க்கத் தரும் தொகுப்பு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 120 மில்லி, 4.8, 6.5, 7, 11 சதவீதம். மொத்தம் 28 கிராம். 7 சதவீத ஐபிஏ (கசப்பும் வாசனையும் தூக்கலான பீர் வகை) அரை லிட்டர் குடித்த கணக்கு. உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். அப்படியானால் அந்த ஒரு ஃப்ளைட் இறங்கவே மூன்று, நான்கு மணி நேரம். காபி, குளியல், எலுமிச்சை, எதுவும் இதை வேகப்படுத்தாது. ஒரு மாலைக்கு ஒரு ஃப்ளைட், அதில் பிடித்ததில் இன்னொரு சின்னக் கண்ணாடி, அத்தோடு சரி. வண்டிச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்த வாரத்தில் இறங்க வேண்டாம்.

போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். உணவு இருந்தால் ஆல்கஹால் மெதுவாக ஏறும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். காரம் தூக்கலான தின்பண்டத்தைக் கசப்பான ஐபிஏவோடு சேர்க்காதீர்கள். ஆல்கஹாலும் கேஸும் காரத்தின் எரிச்சலைக் கூட்டும். அப்புறம் அரை மணி நேரத்துக்கு நாக்கில் வேறெதுவும் ஏறாது.

வரிசை

ஃப்ளைட் பலகையில் பார்காரர் வைத்த வரிசையில்தான் குடிக்க வேண்டும் என்றில்லை. ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்கு என்பது பொது விதி. இரண்டும் முட்டிக்கொண்டால், உதாரணமாக 9 சதவீத இனிப்பான பெல்ஜியன் ஏலும் (லாகரைவிடச் சற்றுச் சூட்டில் நொதிக்கும் வகை) 6 சதவீதக் கடுங்கசப்பு ஐபிஏவும் இருந்தால், நான் கசப்பைத்தான் பின்னால் தள்ளுவேன். ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவின்) கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும். புகையூட்டிய மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியத்தில்) காய்ச்சிய பீர் எப்போதுமே கடைசி.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 120 மில்லி கண்ணாடி சீக்கிரம் சூடேறிவிடும். பில்ஸ்னர் (வெளிர் நிற லாகர்) 4 முதல் 7 டிகிரியில் நன்றாக இருக்கும். அதை இருபது நிமிடம் மேசையில் விட்டால் சவசவ என்றாகிவிடும். இம்பீரியல் ஸ்டவுட் 10 டிகிரியைத் தாண்டினால்தான் சாக்லேட், உலர்திராட்சை, மர வாசனையெல்லாம் வெளியே வரும். அதனால் லாகரை உடனே முடியுங்கள், ஸ்டவுட் காத்திருக்கட்டும். நைட்ரஜன் போட்ட ஸ்டவுட்டாக இருந்தால் மட்டும், ஊற்றியதும் கண்ணாடிச் சுவரோரம் மேலிருந்து கீழாக ஓடும் அந்தக் கலங்கல் தெளியும் வரை ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு உடனே குடியுங்கள்.

முகர்வதுதான் முதல் வேலை. கந்தகம் சார்ந்த சில வாசனைகள் ஊற்றிய சில நொடிகளில் பறந்துவிடும். கண்ணாடியை ஒரு சுற்றுச் சுழற்றி, நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். பிறகு ஒரு வாய். விழுங்கிவிட்டு, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பழ வாசனையா, பைன் பிசினா என்று பிரித்துத் தெரிவது அப்போதுதான். நாலைந்து பீருக்குப் பிறகு மூக்கு மரத்துப்போனால், உங்கள் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பீர் போட்டி நடுவர்களும் இதைச் செய்கிறவர்கள்தான். சென்ட் போட்டுக்கொண்டு போனால் இந்த வித்தை பலிக்காது. பக்கத்தில் நிற்பவருக்கும் தொந்தரவு.

கண்ணாடியைப் பாருங்கள்

பீர் நன்றாக இல்லை என்றால் பழியைக் காய்ச்சியவர் தலையில் போடுவது வழக்கம். பாதி நேரம் குற்றவாளி பார்தான்.

கண்ணாடியின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கண்ணாடி சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருக்கும் இடத்தில்தான் அவை உட்காரும். சுத்தமான கண்ணாடியில் நுரை இரண்டு விரற்கடை நிற்கும். குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மட்டத்திலும் வெள்ளை வளையமாகப் படிந்துகொண்டே இறங்கும். ஃப்ரீசரில் வைத்துப் பனி பூத்த கண்ணாடியில் கொடுத்தால், சாதாரணக் கண்ணாடி கேளுங்கள். பனித்துகள் நுரையைக் கண்டபடி கிளப்பும், உருகிப் பீரில் கலக்கும், குளிர் வாசனையை அமுக்கும்.

ஊற்றும் கையையும் கவனிக்கலாம். கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து, டேப்பை ஒரே இழுப்பில் முழுசாகத் திறந்து, முக்கால் நிறைந்ததும் நிமிர்த்த வேண்டும். நுரைக்குப் பயந்து பாதி திறந்தால் பீர் இடுக்கில் சீறிக்கொண்டு வந்து இன்னும் அதிகமாக நுரைக்கும். டேப்பின் மூக்கு பீருக்குள் முங்கக் கூடாது. அங்கே ஒட்டும் பீர் காய்ந்து, பாக்டீரியா குடியேறி, அடுத்த கண்ணாடிக்குப் போகும். எல்லாம் சரியாகச் செய்தும் நுரையாகவே வருகிறதா? கெக் அன்று மதியம்தான் வந்து இறங்கியிருக்கும். பெரிய கெக் உள்வரை குளிர ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். பீர் வாரத்தில் ஒரே நாளில் எல்லா டேப்பையும் மாற்றும் பாரில் இது சகஜம். மறுநாள் போனால் அதே கெக் ஒழுங்காக ஊற்றும்.

குழாய் சுத்தம் இன்னொரு சங்கதி. டேப்புக்கு வரும் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலால் (காஸ்டிக் சோடா போன்றது) கழுவ வேண்டும், டேப்பின் மூக்கைக் கழற்றித் தேய்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலத்தால் உப்புப் படிவை எடுக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் கிராஃப்ட் ப்ரூவர்கள் சங்கத்தின் பரிந்துரை. செய்யாத பாரில் எந்தப் பீரை எடுத்தாலும் லேசான காடிப் புளிப்போ வெண்ணெய் வாசனையோ ஒட்டிக்கொண்டு வரும். ஒரு டேப்பில் மட்டும் இருந்தால் பீரைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று வெவ்வேறு ப்ரூவரியின் பீரில் அதே வாடை என்றால் குழாய்தான். சத்தம் போடாமல் வேறு பாருக்குப் போய்விடுவது உத்தமம்.

வெளியே வெயிலில் மேசை போட்டிருந்தால் வெளிர் நிற ஹாப்ஸ் பீரோடு அங்கே உட்காராதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்துக் கந்தகச் சேர்மமாக்கிவிடும். கண்ணாடி டம்ளரில் சில நிமிடம் போதும், எரிந்த ரப்பர் மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். பச்சை பாட்டில், நிறமற்ற பாட்டில் பீர்களுக்கும் இதே கதிதான்.

அவசரச் சரக்கு

பீர் வாரத்துக்கென்றே காய்ச்சும் பீர்களில் ஒரு தனி ஆபத்து உண்டு: தேதி. வெளியீட்டு நாள் முதலிலேயே அச்சாகிவிடும். ஈஸ்ட் அந்த போஸ்டரைப் படிப்பதில்லை. சாதாரண ஏல் தயாராக மூன்று, நான்கு வாரம், லாகருக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். கூட்டுத் தயாரிப்பு லாகரில் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை வந்தால், ஈஸ்ட் தான் உண்டாக்கிய டயசெட்டிலைத் திரும்ப உறிஞ்சி முடிப்பதற்குள் குளிரவைத்துவிட்டார்கள் என்று பொருள். பச்சை ஆப்பிள் வாசனை வந்தாலும் விஷயம் அதுவே: அசெட்டால்டிஹைடு மிச்சமிருக்கிறது, பீர் இன்னும் பிஞ்சு.

கலங்கலான ஐபிஏவில் வேறு தொல்லை. 'நேற்றுத்தான் கெக்கில் அடைத்தது' என்று பெருமையாகச் சொல்வார்கள். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை ஹாப்ஸைக் காய்ச்சி ஆறிய பிறகு ஊறவைத்த பீர் அது; அந்தத் துகளும் துவர்ப்பு தரும் பாலிஃபீனாலும் அடங்காமல் மிதக்கும். தொண்டையில் பச்சைத் தழையை மென்று விழுங்கியது போன்ற கரகரப்பு. ஒன்று, இரண்டு வாரம் குளிரில் கிடந்தால் இது அடங்கிவிடும். ஐபிஏ புதிதாக இருக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் நேற்றையது வேண்டாம். மறுமுனையில், நிறம் மங்கிப் பழுப்பாகி, ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது.

குறை இருந்தால் பார்காரரிடம் 'நல்லா இல்ல' என்று சொல்வதைவிட 'வெண்ணெய் வாசனை வருது, உங்களுக்கும் வருதா பாருங்க' என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பார் என்றால் அவரே ஒரு வாய் ஊற்றிப் பார்த்து, மாற்றிக் கொடுப்பார்.

கேஸ்க் இரவு

தவறவிடக் கூடாதது இது. கேஸ்க் பீர் பீப்பாய்க்குள்ளேயே கடைசி நொதிப்பை முடிக்கும். வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை. கெக் பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவில் பாதியளவுதான் இதில் இருக்கும். 11 முதல் 13 டிகிரி வரை சூட்டில் கொடுப்பார்கள். முதல்முறை குடிப்பவர்கள் 'சூடா இருக்கு, கேஸே இல்ல' என்று முகம் சுளிப்பது வாடிக்கை. இரண்டாவது வாயில் மால்ட்டின் ரொட்டி ருசி தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே பீர் கெக்கிலும் கேஸ்க்கிலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால், வாரத்தின் மற்ற நிகழ்ச்சிகளை விட்டுவிட்டுக்கூட அங்கே போகலாம். இரண்டையும் பாதிப் பாதி வாங்கி மாற்றி மாற்றிக் குடியுங்கள். கேஸும் குளிரும் கசப்பை எவ்வளவு கூர்மையாக்குகின்றன என்பதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது.

கவனிக்க வேண்டியது: பார் மேசை மேலேயே பீப்பாயை வைத்துத் தட்டித் திறக்கும் நிகழ்ச்சிகளில், அது எப்போது அங்கே வைக்கப்பட்டது என்று கேளுங்கள். அன்று மாலைதான் தூக்கிவந்து வைத்தது என்றால் அடியில் படிந்த ஈஸ்ட் எல்லாம் கலங்கியிருக்கும். ஒரு நாளாவது அசையாமல் கிடக்க வேண்டும். மேலே ஐஸ் உறையோ ஈரத்துணியோ இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் சூடேறிவிடும். திறந்த பீப்பாய் மூன்று நாள்வரை தாங்கும், அதற்குமேல் காற்று அதைக் காடியாக்க ஆரம்பிக்கும். முன்னாலேயே போய் வாங்குங்கள். அடிவண்டல் உங்கள் கண்ணாடிக்கு வர வேண்டாம்.

கேட்க வேண்டியவை

ப்ரூவர் எதிரில் நிற்கும்போது 'இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?' என்று கேட்பதில் பயனில்லை. நூறு பேர் கேட்டிருப்பார்கள், நூறு பேருக்கும் ஒரே பதில்தான். எப்போது அடைத்தீர்கள், லிட்டருக்கு எத்தனை கிராம் ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், தண்ணீரில் சல்ஃபேட் தூக்கலா குளோரைடு தூக்கலா என்று கேளுங்கள். சல்ஃபேட் கூடினால் கசப்பு வறண்டு கூர்மையாகும். குளோரைடு கூடினால் வாய்க்கு மெத்தென்று இருக்கும். தெளிந்த, கசந்த ஐபிஏவுக்கும் கலங்கலான, சாறு போன்ற ஐபிஏவுக்கும் உள்ள வித்தியாசத்தில் கணிசமான பங்கு தண்ணீருடையது. இப்படி ஒரு கேள்வி விழுந்ததும் ஆள் உற்சாகமாகி, விற்பனைக்கு வைக்காத எதையாவது ஊற்றித் தருவதும் உண்டு.

ப்ரூவரி சுற்றுலாவுக்கு மூடிய செருப்பு அவசியம். தரை எப்போதும் ஈரம், அடிக்கடி காரக் கரைசலோ வெந்நீரோ ஓடும். வால்வு எதையும் தொடாதீர்கள். ஒரு திருப்பலில் ஒரு தொட்டி பீர் போய்விடும். நொதிக்கும் தொட்டியின் வாய்ப்பக்கம் முகத்தை நீட்டி மோந்து பார்க்கவே வேண்டாம், கரியமில வாயு ஒரே இழுப்பில் மூச்சை அடைத்துவிடும்.

வீட்டுக்கு வாங்கிப் போவதாக இருந்தால் கேனின் அடியைத் திருப்பிப் பாருங்கள். நேரடியாகத் தேதி இல்லாமல் 26123 என்பது போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, மற்ற மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பதாக இருக்கலாம். இது 2026 மே 3. டேப்பிலிருந்து க்ரௌலர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு, மூன்று நாளில் திறந்துவிடுங்கள், திறந்தால் மறுநாளைக்குள் முடியுங்கள். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடிக் க்ரௌலரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வெடிக்கக்கூடும். பழக்கூழ் கொட்டிய புளிப்பு பீர் கேன்கள் அதைவிட மோசம்: நொதிக்காத பழச் சர்க்கரை உள்ளே இருக்கிறது, சூடு கிடைத்தால் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும், கேன் உப்பும். வாங்கியதும் ஐஸ் பையில் போடுங்கள். ஏற்கெனவே உப்பியதை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள்.